தாய்க் கேசட்டில் தெரிந்த கை

அழகேசன் ஒரு காலத்தில் நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். கொடுத்தவர் கரையான்சாவடி இரும்புக்கடை கஜபதி. நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டி. அடகு வைக்க அழகேசனிடம் பொட்டுத் தங்கம் கிடையாது. படிப்பு ஆறாம் வகுப்பு, அதுவும் பாதி. "இன்னாத்த நம்பிடா குடுக்கறது?" என்று கஜபதி கேட்டார். "இந்தத் தோளை நம்பிக் குடு நைனா" என்று வலது தோளைத் தட்டிக் காட்டினார் அழகேசன். கடன் கிடைத்தது. அந்தத் தோளில் ஒரு வீடியோ கேமரா ஏறியது.

நடந்தது தொண்ணூற்றைந்தில். அன்றைக்கு அந்தப் பணத்துக்குத் திருமுல்லைவாயிலில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கலாம். கேமராவை வாங்கியவனைப் பார்த்து ஊரே சிரித்தது. சிரித்தவர்களின் பிள்ளைகள் கல்யாணத்தை எல்லாம் பிறகு அவர்தான் எடுத்தார் என்பது வேறு விஷயம்.

அதற்கு முன்னால் எட்டு வருடம் ஆவடியில் ஒரு ஸ்டுடியோவுக்கு லைட்டுப் பிடித்தவர் அவர். லைட்டுப் பிடிப்பவனை யாரும் மதிப்பதில்லை. கண் கூசுகிறது என்று திட்டுவதற்கு மட்டும்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அந்த எட்டு வருடத்தில் அவர் படித்த படிப்பை எந்தக் காலேஜும் சொல்லித் தராது. ஆவடியைச் சுற்றியிருந்த ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். திருநெல்வேலிக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒரு மாதிரி, சேலத்துக்காரர் வீட்டில் வேறு மாதிரி. ஒரு வீட்டில் மாப்பிள்ளையே மூன்று முடிச்சையும் போட்டுவிடுவார். இன்னொரு வீட்டில் முதல் முடிச்சோடு அவர் கையை எடுத்துக்கொள்ள, மீதியை நாத்தனார் போடுவாள். எந்த வீட்டில் எந்தக் கை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று ஐயருக்கு முன்னால் அழகேசனுக்குத் தெரியும். கெட்டிமேளம் கேட்ட பிறகு ஓடுகிற கேமராக்காரன் முதுகைத்தான் எடுப்பான். அழகேசன் கெட்டிமேளத்துக்கு முன்பே மணப்பெண்ணின் பின்கழுத்துக்கு நேராக நின்றிருப்பார்.

அதனால்தான் தன் கடைப் பலகையில் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்தார்: "அழகேசன் வீடியோஸ். முடிச்சு தவறாது." ஆயிரத்து நூற்று நாற்பது கல்யாணம் எடுத்திருக்கிறார். கணக்கு அவர் நாக்கிலேயே இருக்கும். கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

இப்போது வயது அறுபத்தாறு. மாடி வைத்த சொந்த வீடு, கீழே கடை. கல்யாணம் எடுக்கப் போவதில்லை. அதைவிட நல்ல வருமானம் வேறு வழியில் வருகிறது. இந்தப் பக்கம் முளைத்திருக்கிற அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள் வீடு மாறும்போது பரணிலிருந்து பழைய கேசட்டுகள் விழுகின்றன. ஓட்டிப் பார்க்க யாரிடமும் விசிஆர் பெட்டி கிடையாது. அழகேசனிடம் நான்கு இருக்கின்றன, நான்கும் ஓடும் நிலையில். ஐம்பத்தெட்டு வயதில் கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, எந்த வகுப்புக்கும் போகாமல், தானாகவே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டார். கேசட்டை டிவிடியாக மாற்றுவதில் நூம்பலிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் அவருக்கு ஈடு இல்லை. இதை அவரே சொன்னால் பீற்றிக்கொள்கிறார் என்பார்கள். ஆனால் உண்மை அதுதான்.

அவர் வேலை செய்கிற விதம் இது. கேசட் வந்ததும் ஓட்டமாட்டார். ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டில் வைப்பார். மூடியைத் தூக்கி நாடாவில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று வெயிலில் பார்ப்பார். பிறகு கடைசிவரை ஒருமுறை ஓட்டி, திரும்பச் சுற்றுவார். அப்போதுதான் நாடாவின் இறுக்கம் ஒரே சீராகும். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்பு பெட்டியின் தலையை ஸ்பிரிட்டில் துடைப்பார். மஞ்சள் ஒயரில் எடுக்கவே மாட்டார், நிறம் ஒன்றின் மேல் ஒன்று வழியும். நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார். மூடிப்போன ஒரு டிவி கம்பெனியின் ஏலத்தில் எடுத்தது. ஆடுகிற படத்தை ஆடாமல் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. கடைசியாக, ஒரு டிவிடித் தட்டில் ஒரு மணி நேரப் படம்தான். அதையும் மெதுவான வேகத்தில்தான் எழுதுவார்.

இந்த ஒரு மணி நேரக் கணக்கில்தான் தங்கராஜோடு சண்டை ஆரம்பித்தது.

தங்கராஜ் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். ராணுவத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து, போன மாதம்தான் விருப்ப ஓய்வு பெற்றிருந்தார். மனைவி ரேவதி கரையான்சாவடிப் பெண். தொண்ணூற்றேழு ஆவணியில், பூந்தமல்லி மண்டபத்தில் நடந்த அவர்கள் கல்யாணத்தை எடுத்தவர் அழகேசன்தான். தை மாதம் தங்கராஜுக்கு அறுபதாம் கல்யாணம். ஐடி கம்பெனியில் இருக்கும் மகள் வர்ஷா மண்டபத்தில் சுவர் அளவுக்குத் திரை கட்டி, அதில் அப்பா அம்மாவின் பழைய கல்யாணத்தைக் காட்டப்போகிறாளாம்.

புதன்கிழமை காலை இருவரும் கேசட்டோடு வந்தார்கள்.

"மூணு மணி நேரம் ஓடுதுண்ணே. எல்லாத்தையும் ஒரே டிவிடில அடக்கிக் குடுங்க" என்றார் தங்கராஜ்.

"அடக்கறதுக்கு இன்னா, புளி மூட்டையா? மூணு மணி நேரம்னா மூணு தட்டு. தட்டு அறுநூறு. ஆயிரத்தி எட்நூறு."

"ஆயிரத்து எண்ணூறா! ஆவடி மார்க்கெட்டுல ஒருத்தன் இருநூறு ரூவாய்க்கு மொத்தத்தையும் போட்டுத் தாரேங்கான்."

"குடுப்பான். அத்த நீ சுவத்து மேல போட்டா, உன் மூஞ்சி எது, வாழைமரம் எதுன்னு உன் பொண்ணு தேடிக்கினு இருக்கும்."

ரேவதி சிரித்துவிட்டாள். தங்கராஜ் விடவில்லை. "இந்தக் காலத்துல டிவிடி யாருண்ணே பாக்கா? பென்டிரைவுல போட்டா காசு கம்மியாகும்னு வர்ஷா சொல்லுது."

"பென்டிரைவும் தர்றேன், சும்மாவே தர்றேன். ஆனா அதுல உன் பேரப்புள்ள நாளைக்கி இன்னாத்தையாவது ஏத்தி உன் கல்யாணத்த அழிச்சிடும். தட்டுல எழுதுனா எழுதுனதுதான்."

ரேவதி கேசட்டை மேசைமேல் வைத்தாள். "வேற எதுவும் வோணாம்ணே. தாலி கட்டற இடம் மட்டும் பளிச்சுனு வரணும். எங்க ஊட்டு டிவில எப்பவும் அந்த இடம் மங்கலாவே கீது. வர்றவங்களுக்கெல்லாம், இதான் என் கழுத்து, இதான் அவர் கைன்னு சொல்லி சொல்லிக் காட்டணும்."

"இந்தக் கேசட்ல இருந்து எடுத்தா மங்கலாத்தான் வரும். இது காப்பி" என்றார் அழகேசன். நெஞ்சு நிமிர்ந்தது. "தாய்க் கேசட் என்னாண்ட கீது. எல்லா கல்யாணத்துக்கும் தாய்க் கேசட்ட பீரோல பூட்டி வெச்சிக்கினு கீறேன். இந்த ஏரியால எவன் வெச்சிக்கினு கீறான், கேளு. அதுல இருந்து எடுத்தா, உன் ஊட்டுக்காரர் போட்ட முடிச்சுல நூலு எத்தினி இழைன்னு எண்ணலாம்."

தங்கராஜ் அரைமனதாக ஐநூறு ரூபாயை முன்பணமாக நீட்டினார். அழகேசன் தொடவில்லை. படத்தைப் பார்த்த பிறகுதான் காசு, அது அவர் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தாய்க் கேசட்டை ஓட்டினார். அடடா, என்ன படம்! வாழைமரத்தின் பச்சை பச்சையாகவே இருந்தது. ரேவதியின் அரக்குப் புடவையில் சரிகை தனியாக மின்னியது. மாப்பிள்ளை அழைப்பில் தங்கராஜின் மீசையை முடி முடியாக எண்ணலாம். அழகேசன் தொடையைத் தட்டி, "எட்தவன் யாரு!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கெட்டிமேளம் முழங்கியது. மல்லிகை வைத்த ஒரு பின்கழுத்து திரையை நிறைத்தது. இரண்டு கைகள் மஞ்சள் கயிற்றைக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டன. வலது கைக் கட்டைவிரலுக்குக் கீழே, பூசியிருந்த மஞ்சளையும் மீறி, பச்சை குத்திய ஒரு தேள் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அழகேசன் படத்தை நிறுத்தினார். திரையைப் பார்த்தார். பிறகு ரிமோட்டைப் பிடித்திருந்த தன் வலது கையைப் பார்த்தார். அதே தேள். பதினாறு வயதில், பூந்தமல்லித் திருவிழாவில், ஒரு ரூபாய் கொடுத்துக் குத்திக்கொண்டது.

மறந்தே போயிருந்தது. இருபத்தெட்டு வருடத்தில் சுத்தமாக மறந்து போயிருந்தது.

அன்றைக்கு நடந்தது இதுதான். முகூர்த்தத்துக்குச் சரியாக மண்டபத்தில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர்காரன் கயிற்றை இழு இழு என்று இழுத்தும் அது இருமியதே தவிர ஓடவில்லை. நல்ல நேரம் முடிய நான்கு நிமிடம் என்று ஐயர் கத்தினார். யாரோ டார்ச் அடிக்க, அந்த வெளிச்சத்தில் தாலி கட்டினார்கள். பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த கேமராவுக்குள் தெரிந்ததெல்லாம் கறுப்பு. அப்போது கஜபதிக்கு இன்னும் பதினோராயிரம் பாக்கி. ஐப்பசியில் எட்டுக் கல்யாணம் பேசி வைத்திருந்தது. "முடிச்சு தவறாது" என்று பலகை எழுதி மூன்று மாதம் கூட ஆகவில்லை. முடிச்சு இல்லாத கல்யாணக் கேசட்டைக் கொடுத்தால், அந்த எட்டில் ஒன்றுகூடத் தங்காது.

மறுநாள் ஒரு காரியம் செய்தார். ரேஷன் கடையிலிருந்து வந்த மனைவி நாகம்மாவை முக்காலியில் உட்கார வைத்தார். இரண்டு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்தார். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, லைட்டைப் போட்டு, தேள்மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசி, ஒரு கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டி, தன் சொந்தப் பெண்டாட்டிக்கே இன்னொரு தடவை மூன்று முடிச்சுப் போட்டார். பிறகு, கேமராக் கேசட்டிலிருந்து வெட்டி ஒட்டித் தாய்க் கேசட் செய்கிற மிக்சிங்கில், மண்டபத்துக் கெட்டிமேளச் சத்தத்தை அப்படியே விட்டு, படத்தை மட்டும் மாற்றி வைத்தார். அந்தத் தாய்க் கேசட்டிலிருந்து காப்பி போட்டதும் தேள் கரைந்து வெறும் நிழலாகிவிட்டது. டார்ச் வெளிச்சத்திலேயே இவ்வளவு எடுத்துவிட்டான், கேமரா என்றால் இதுதான் கேமரா என்று கல்யாண வீடே மெச்சியதே தவிர, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஐப்பசியின் எட்டுக் கல்யாணத்தையும் எடுத்தார். அடுத்த தைக்குள் கஜபதியின் கடன் முழுக்கத் தீர்ந்தது.

இப்போது அந்தத் தேள் சுவர் அளவுக்கு நிற்கப்போகிறது. மண்டபத்தில் ஐந்நூறு பேர் பார்ப்பார்கள். அதில் பாதிப்பேர் வீட்டுக் கல்யாணம் அவர் எடுத்தது. ஒருவன் சந்தேகப்பட்டால் போதும், அத்தனை பேரும் வீட்டுக்குப் போய்த் தங்கள் கேசட்டில் யார் கை என்று தேடுவார்கள்.

காபி கொண்டுவந்த நாகம்மா திரையைப் பார்த்துவிட்டு நின்றாள். அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"அய்ய! என் கழுத்து!" என்றாள். "இன்னா சோக்கா கீது பாரு அப்போ. யோவ், அது தங்கராஜு கல்யாணமா? நம்ம கல்யாணமா?"

"சும்மா கெட."

"முடிச்சு தவறாதுன்னு போர்டு மாட்டிக்கினு, மாட்டிக்கினியா?"

"அவங்க குடுத்த காப்பி கீதுல்ல, அந்த எடத்த மட்டும் அதுல இருந்து எட்த்து ஒட்டிட்டா..." அழகேசன் தாடையைச் சொறிந்தார். "ரெண்டு நிமிசம். தேளு தெரியாது. ஒரு பய கண்டுக்கமாட்டான்."

"செய்யி. கேக்கறவங்க ஆரு?" என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்குப் போய்விட்டாள். நாகம்மா அப்படித்தான். தடுக்கமாட்டாள், விட்டுவிட்டுப் போய்விடுவாள். அது தடுப்பதைவிட மோசம்.

செய்தும் பார்த்தார். முன்னும் பின்னும் கண்ணாடி போலப் படம், நடுவில் இரண்டு நிமிடம் அடுப்புப் புகை. தேள் காணாமல் போனது என்னவோ உண்மை. ஆனால் கழுத்தும் மல்லிகையும் சேர்ந்தே காணாமல் போயின. பெரிய டிவியில் போட்டுப் பார்த்தார். இந்த அழுக்கை அழகேசன் மாற்றியது என்று நாளைக்கு ஒருவன் சொன்னால்? ஆவடி மார்க்கெட்டுக்காரன் இருநூறு ரூபாய்க்குச் செய்கிற வேலை அல்லவா இது? தேளைக் காட்டினாலும் பேர் போகும், புகையைக் காட்டினாலும் பேர் போகும். அந்த இடத்தையே வெட்டிவிட்டாலோ, தாலி கட்டாத கல்யாணம்!

சனிக்கிழமை காலை வரை அதே யோசனை. இட்லியைப் பிட்டுக்கொண்டே சட்டென்று நிமிர்ந்தார். "நாகு, மண்டபத்துல எடுத்த கேசட் இன்னா ஆச்சு? கேமராக்குள்ள இருந்தது, மிக்சிங்குக்கு முந்தி?"

எல்லா வீடியோக்காரர்களும் அந்தக் கேசட்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போட்டுவிடுவார்கள். அழகேசனும் அப்படித்தான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் நாகம்மா போடவிடவில்லை.

"வெளக்கு அணைஞ்ச கேசட்டு. அதுல இன்னொரு பொண்ணு கல்யாணத்த எடுக்கக் கூடாதுன்னு நான்தான புடுங்கி வெச்சேன்" என்றாள். "கட்டிலுக்கு அடில, முறுக்கு டின்ல கீது."

டின்னைத் திறந்தால் பழைய ரேஷன் கார்டு, ஒரு கல்யாணப் பத்திரிகை, அடியில் கேசட். நாடா ஓரம் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. வேறு யாராவது என்றால் குப்பையில் போட்டிருப்பார்கள். அழகேசன் கேசட் ஓட்டின் திருகாணி ஐந்தையும் கழற்றி, நாடாவை வேறு புது ஓட்டுக்கு மாற்றி, மெல்லிய துணியில் ஸ்பிரிட் தொட்டு, கையாலேயே சுற்றிச் சுற்றித் துடைத்தார். ஒரு முழத்துக்கு ஒரு துணி. மத்தியானச் சாப்பாட்டை மறந்தார். நான்கு மணிக்கு அதை ஓட்டினார். கெட்டிமேளம் கேட்டது. படம் முழுக்கக் கறுப்பு.

ஆனால் அழகேசனின் கேமராவுக்குக் கறுப்பு என்றால் வெறும் கறுப்பு இல்லை. நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்க் கேமரா அது. கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். அரிசி இறைத்தாற்போலப் புள்ளிகள் கிளம்பின. இன்னும் கொஞ்சம் ஏற்றினார். புள்ளிகளுக்குள் ஒரு தோள் தெரிந்தது, டார்ச் வெளிச்சத்தில் ஒரு காது தெரிந்தது, பிறகு...

"நாகு! இங்க வா! இத்த பாரு!"

நாகம்மா வந்து பார்த்தாள். வாயில் கை வைத்துக்கொண்டாள். "இத்த காட்டப் போறியா?" என்று கேட்டாள்.

"ரெண்டையும் காட்டறேன்" என்றார் அழகேசன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தங்கராஜும் ரேவதியும் வந்து உட்கார்ந்தார்கள். நாகம்மா காபி கொடுத்துவிட்டு, வழக்கமில்லாத வழக்கமாகத் தானும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டாள். படம் ஓடியது. தங்கராஜ் தன் மீசையைப் பார்த்து, "யாத்தே!" என்றார். ரேவதி தன் புடவைச் சரிகையைப் பார்த்துப் பூரித்துப்போனாள். "ஆயிரத்தி எட்நூறு குடுக்கலாங்க" என்று புருஷன் காதில் சொன்னது அழகேசனுக்கும் கேட்டது. வேறு நாளாக இருந்தால் அதற்கு அரை மணி நேரம் பேசியிருப்பார்.

கெட்டிமேளம். கழுத்து. கை. தேள். அழகேசன் படத்தை நிறுத்தினார். எழுந்து போய், தன் வலது கையை டிவித் திரையில், அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

ரேவதி முதலில் திரையைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். மறுபடி திரை.

"இன்னாண்ணே இது?"

"என் கை. அன்னிக்கி கரண்ட் போச்சு. முடிச்சு கேமரால உழல. மறாநாள் எங்க ஊட்ல எட்த்து ஒட்டிட்டேன்."

தங்கராஜ் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப என் பொண்டாட்டிக்குத் தாலி கட்டுனது நீங்களா?"

"அய்ய, அது என் கழுத்துப்பா!" என்று நாகம்மா குறுக்கே பாய்ந்தாள். "என் ஊட்டுக்காரர் எனக்குத்தான் கட்டினாரு. ரெண்டாந்தபா. அதுக்கு ஒரு புடவ கூட எட்த்துத் தர்ல."

தங்கராஜுக்குச் சிரிப்பு பீறிட்டது. ரேவதி சிரிக்கவில்லை. அவள் முகம் சிவந்திருந்தது.

"இருவத்தெட்டு வருசம்ணே. எத்தினி பேருக்கு இத்த போட்டுக் காட்டிக்கினு கீறேன். என் கழுத்து, இவர் கைன்னு. என் பொண்ணு கைக்கொழந்தயா இருக்க சொல்லோ, அதுக்குக் கூட காட்டினேன். போர்டுல இன்னா எழுதி வெச்சிக்கினு கீறீங்க நீங்க?"

ஆயிரத்து நூற்று நாற்பது கல்யாணம் எடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். வாழ்க்கையில் கஜபதி கடைக்கு வெளியே அவர் தலை குனிந்தது அந்த ஒரு தடவைதான்.

"இன்னொண்ணு கீது. அதையும் பார்த்துடும்மா. அப்பால போர்டக் கழட்டச் சொன்னாலும் கழட்டறேன்" என்று சொல்லி, முறுக்கு டின் கேசட்டிலிருந்து எடுத்ததை ஓட்டினார்.

அதே கெட்டிமேளம். இருட்டு. சாம்பல் நிறத்தில் புள்ளிகள் கொதித்தன. எங்கிருந்தோ ஒரு டார்ச் வெளிச்சம் தடுமாறி வந்து மணமக்கள்மேல் நின்றது. அட்சதை எந்தத் திசையில் என்று தெரியாமல் ஐயர் தலையில் விழுந்தது. மெலிந்த இளைஞன் ஒருவன் கயிற்றை வைத்துக்கொண்டு பின்கழுத்தைத் தேடினான். கயிறு நழுவியது. திரும்பப் பிடித்தான். மறுபடி நழுவியது. அப்போது மணப்பெண் தலையைக் குனிந்தபடியே ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய், சடையைத் தூக்கி, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து அவன் விரலில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் முகத்தைத் திருப்பினாள். டார்ச் வெளிச்சம் சரியாக அங்கே விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பல் தெரிய, தோள் குலுங்க, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முடிச்சு விழுந்தது. அழகேசன் நிறுத்தினார்.

"நீ சிரிச்சியா?" என்றார் தங்கராஜ்.

"பின்ன? கை அந்த நடுக்கு நடுங்கிச்சு உங்களுக்கு. ரெண்டு தபா விட்டீங்க."

"நானா? ஒரே இழுப்புல மூணையும் போட்டேன்னு உங்க அண்ணன்மார்ட்ட எல்லாம் சொல்லியிருக்கேன்டி."

"அத்த நம்பினு கீறாங்க பாவம். தோ, சாட்சி." ரேவதி டிவியைக் காட்டினாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, திரையில் இருந்த அதே சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "போட்டோ எல்லாத்துலயும் தலய குனிஞ்சிக்கினு பொம்ம மாதிரி கீறேன். நான் சிரிச்சேன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சேன். இன்னொரு தபா போடுங்கண்ணே."

நான்கு தடவை போட்டார். நான்காவது தடவை தங்கராஜே கயிறு நழுவும் இடத்தில், "இந்தா, இப்ப விடப்போறான் பாரு" என்று சொன்னார்.

"தட்டுல இதையே போடுங்க" என்றாள் ரேவதி. "சுவத்து மேலயும் இதான்."

"புள்ளி புள்ளியா வரும்மா. எம்மாம் பெரிய திரை" என்று அழகேசன் இழுத்தார். அவருக்கு இன்னும் படத்தின் சுத்தம்தான் கவலை. "இதுக்கு மேல வெளிச்சம் ஏத்தினா மூஞ்சி கரைஞ்சிடும். நான் பார்த்துட்டேன், இதான் கடேசி."

"வரட்டும். அது நானும் அவரும்."

"கரண்ட் போன கதைய..." அழகேசன் தொண்டையைச் செருமினார். "மண்டபத்துல சொல்லுவியாம்மா?"

"மைக்கப் புட்ச்சு சொல்லுவேன். ஒங்க தேளையும் சேர்த்து."

அழகேசன் வாசல் பக்கம் பார்த்தார். பலகையின் பின்புறம் தெரிந்தது. ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"சொல்லு. ஆயிரத்தி நூத்தி நாப்பதுல ஒண்ணு உட்டான் அழகேசன்னு சொல்லு. அந்த ஒண்ணையும் இருவத்தெட்டு வருசம் கழிச்சு இருட்டுக்குள்ள பூந்து எட்த்துக்கினு வந்தான்னும் சேர்த்து சொல்லு. வேற எவனாவது எடுப்பானான்னு கேளு."

"ஆரம்பிச்சிட்டார்யா" என்றாள் நாகம்மா.

தங்கராஜ் சட்டைப்பையில் கைவிட்டார். அழகேசன் கையைக் காட்டித் தடுத்தார். "முடிச்சு கீற தட்டுக்கு காசு வோணாம். தப்பு என்து. மீதி ரெண்டுக்கு மட்டும் குடு."

"சரிண்ணே, அப்ப ஆயிரத்து எரநூறு" என்று தங்கராஜ் உடனே எண்ண ஆரம்பித்தார். விருதுநகர்க்காரர் அல்லவா, எவ்வளவு உணர்ச்சியிலும் கணக்கு தவறாது.

ரேவதி அவர் கையிலிருந்த நோட்டுகளை மொத்தமாகப் பிடுங்கினாள். "மூணு தட்டுக்குத்தான் பேசினோம். முடிச்சு இருக்கற தட்டுக்குத்தான் மொதல்ல குடுக்கணும்."

"வோணாம்மா, நான் சொன்னா சொன்னதுதான்" என்று அழகேசன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வீம்பில் அவரை யாரும் ஜெயித்ததில்லை.

ரேவதி அவரோடு வாதாடவில்லை. நாற்காலியை நாகம்மாவின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க கைய நீட்டுங்க."

நாகம்மா புருஷனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். காபித் தூள் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துவிட்டு, விரித்து நீட்டினாள். ரேவதி மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள், அதன்மேல் மூன்று நூறு ரூபாய் நோட்டுகளை நூறு, இருநூறு, முந்நூறு என்று வாய்விட்டு எண்ணி, ஆயிரத்து எண்ணூறையும் அந்தக் கையில் வைத்து முடித்தாள்.